பழி நீங்காத பத்தாங் காலி

ஓர் உயிரைப் போக்குவதற்குப் படைக்கருவி ஒன்று போதும். போக்கிய உயிரைக் குறித்துப் பின்னர் எவரும் கேள்வி எழுப்பாதிருப்பதற்கோ ஒரு சொல் வேண்டும். மதுரையில் கோவலன்மீது வாள் விழுவதற்கு முன்னரே 'கள்வன்' என்னும் சொல் விழுந்துவிட்டது. அச்சொல் விழுந்த பிறகு வாளுக்கு வேலை எளிதாயிற்று. கள்வனை வெட்டியதற்கு யார் கணக்குக் கேட்பர்?

சிலப்பதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. கண்ணகி பாண்டியன் அவைக்குச் சென்றது மாண்ட கணவனின் உயிரை மீட்டுத் தருமாறு வேண்டுவதற்கன்று. அவன்மீது ஒட்டப்பட்ட சொல்லைக் களைவதற்கே. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப்பரல்கள். கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து தெறித்ததோ மாணிக்கப்பரல். அந்த ஒரு கணத்தில் 'கள்வன்' என்ற சொல் கோவலனை விட்டு நீங்கியது. ஆராயாது தண்டித்த அரசன், தானே கள்வன் என உணர்ந்து உயிர் நீத்தான். இறந்தவன் எழுந்து வரவில்லை. ஆயினும் பழி நீங்கிற்று.

பழி நீங்குவதற்காக அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அவையேறி நின்ற குடும்பங்கள் மலாயா மண்ணிலும் உண்டு. சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் காலியில் 1948 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் சுட்டுக் கொல்லப்பட்ட இருபத்து நான்கு தோட்டத் தொழிலாளர்களின் குடும்பங்களே அவை. அந்த உயிர்களின் கதை, குண்டின் கதை மட்டுமன்று. சொல்லின் கதையும் ஆகும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. சப்பானியரின் கொடுமையிலிருந்து மீண்ட மலாயா மக்கள் பஞ்சத்தினின்றும் பிணியினின்றும் முற்றாக எழவில்லை. பிரித்தானிய ஆட்சி மீண்டும் வந்துவிட்டது. போரினால் நொடித்துப்போயிருந்த பிரிட்டனுக்கு மலாயாவின் இரப்பரும் ஈயமும் டாலரை ஈட்டித் தரும் பெருஞ்செல்வமாயின. சப்பானியரை எதிர்த்துக் காட்டிலிருந்து போரிட்ட கம்யூனிஸ்டுகளோ இப்போது பிரித்தானிய ஆட்சியை எதிர்த்து மீண்டும் காடேகினர். 1948 சூன் 16 ஆம் நாள் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பகுதியில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டனர். அடுத்த சில நாட்களுக்குள் நாடெங்கும் அவசரகாலம் நடைமுறைக்கு வந்தது.

அது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1960 சூலை 31 ஆம் நாளே முடிவுற்றது. படைகள் வந்தன, விமானங்கள் குண்டு பொழிந்தன, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இருந்தும் அதற்குப் 'போர்' என்னும் பெயர் இடப்படவில்லை. போர் என்று அறிவித்தால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் ஏற்படும் இழப்புக்குக் காப்புறுதி நிறுவனங்கள் ஈடு தரமாட்டா என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. பன்னிரண்டு ஆண்டுப் போருக்கு 'அவசரகாலம்' என்று பெயர் வைத்த தொடக்கத்திலேயே, அக்காலத்தில் சொற்கள் எத்துணைப் பணி ஆற்றின என்பது விளங்கும்.

போராளிகளுக்கு உணவும் செய்தியும் காட்டோரக் குடியிருப்புகளில் வாழ்ந்த சீன மக்களிடமிருந்தே செல்கின்றன என்று அரசு கருதியது. அதில் உண்மையும் இருந்தது. சிலர் விரும்பிக் கொடுத்தனர். பலர் அச்சத்தால் கொடுத்தனர். பகலில் படைவீரன் வந்து "அவர்களுக்கு ஏன் கொடுத்தாய்?" என்பான். இரவில் போராளி வந்து "அவர்களிடம் ஏன் சொன்னாய்?" என்பான். இவ்விரு கேள்விகளுக்கும் இடையில் வாழ்ந்தவன் ஏழைத் தொழிலாளி. அவசரகாலத்தில் ஏறத்தாழ 2,500 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் போராளிகளின் கையால் மாண்டவர்கள். போராளிகளும் ஒரு சொல்லை வைத்திருந்தனர். 'துரோகி' என்பது அச்சொல். அது ஒருவன்மீது விழுந்தால் அவனுக்கும் விசாரணை இல்லை.

இத்தகைய காலத்தில், கோலாலம்பூருக்கு வடக்கே, நடுமலைத் தொடரின் அடிவாரத்தில் இருக்கும் பத்தாங் காலியை அடுத்து, சுங்கை ரெமோக் என்னும் இரப்பர்த் தோட்டம் இருந்தது. அங்கே சீனத் தொழிலாளர்களும் அவர்தம் பெண்டு பிள்ளைகளும் கோங்சி வீடுகளில் வாழ்ந்தனர். மரம் சீவிப் பிழைத்த வாழ்க்கை அவர்களுடையது. விடியலுக்கு முன் எழுதல், பனி நனைத்த நிரைகளிடையே நடத்தல், பட்டை காயாமல் உளி செலுத்துதல், வெயில் ஏறுமுன் பாலை எடுத்தல் என்று நாளும் சுழலும் அவ்வாழ்க்கையைத் தமிழ் மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. லயத்தில் பிறந்த தமிழனுக்கும் கோங்சியில் பிறந்த சீனனுக்கும் மொழி வேறு. கையில் படிந்த பால்கறை ஒன்று.

டிசம்பர் 11 ஆம் நாள் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் என்னும் பிரித்தானியப் படைப்பிரிவின் இரண்டாம் அணியைச் சேர்ந்த சிறு குழு ஒன்று அத்தோட்டத்தை அடைந்தது. அவ்வீரர்களுள் பலர் இளைஞர். மலாயாவுக்கு வந்து சில திங்களே ஆனவர்கள். மக்கள் பேசிய மொழி அவர்களுக்குத் தெரியாது. காவல் துறையைச் சேர்ந்தவர்கள் வழிகாட்டிகளாக உடன் வந்திருந்தனர். தொழிலாளர் எவரிடமும் ஆயுதம் இல்லை; எவரும் சீருடை அணிந்திருக்கவில்லை. ஆடவர் ஒருபுறமும் பெண்களும் குழந்தைகளும் மறுபுறமுமாகப் பிரிக்கப்பட்டனர். போராளிகளைப் பற்றிய செய்தி கேட்டு விசாரணை நடந்தது. சுடுவதுபோல் பாவனை காட்டி அச்சுறுத்தலும் நடந்தது. அன்று மாலையே இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இரவு கழிந்தது. மறுநாள் காலை பெண்களும் குழந்தைகளும், அச்சத்தால் நிலைகுலைந்துபோன ஆடவர் ஒருவரும் லாரியில் ஏற்றப்பட்டனர். எஞ்சிய ஆடவர் கோங்சி வீட்டிலிருந்து வெளியே கொணரப்பட்டனர். சில நிமிடங்களுக்குள் இருபத்து மூவர் சுடப்பட்டு மாண்டனர். ஒருவர் மட்டும் மயங்கி வீழ்ந்தமையால், இறந்தார் என்று கருதப்பட்டு உயிர் தப்பினார். பின்னர்க் குடியிருப்புக்குத் தீ வைக்கப்பட்டது.

பழந்தமிழர் போர் அறத்தில், படை எடுக்குமுன் ஆவும் பெண்டிரும் பிணியுடையோரும் பாதுகாப்பான இடம் சேர்க என்று அறிவிக்கும் வழக்கத்தைப் புறநானூறு காட்டும். போரில் ஈடுபடாதாரைப் போர் தீண்டலாகாது என்பதே அதன் உட்பொருள். பத்தாங் காலியிலும் பெண்டிரும் மக்களும் அப்புறப்படுத்தப்பட்டனர். ஆயினும் அங்கே நடந்தது போர் அன்று. எதிரே படை இல்லை. லாரி கொண்டு சென்றது காக்கப்பட வேண்டியவர்களை மட்டும் அன்று. கண்ணால் காண இருந்தவர்களையுமே ஆகும்.

இதுவரை நடந்தது குண்டின் வேலை. இனித் தொடங்கியது சொல்லின் வேலை.

மாண்டவர்கள் 'கொள்ளைக்கூட்டத்தார்' என்று செய்தி பரவியது. போராளிகளைக் குறிக்க அரசு அந்நாளில் ஆண்ட சொல் அது. படையினர் பெற்ற பெரிய வெற்றியாகவே அந்நிகழ்ச்சி முதலில் பேசப்பட்டது. ஆனால் தோட்ட உரிமையாளர், அவர்கள் நன்னடத்தை உடைய தொழிலாளர்கள் என்றார். சீன நாட்டுத் தூதரகத் தலைவர் விசாரணை வேண்டும் என்றார். அதன்பின் மலாயாக் கூட்டரசின் தலைமைச் சட்ட அலுவலராக இருந்த சர் ஸ்டாஃபோர்ட் ஃபாஸ்டர்-சட்டன் விசாரித்தார். 1949 சனவரி 3 ஆம் நாள் அரசின் அறிக்கை வெளியாயிற்று. தடுத்து வைக்கப்பட்டவர்கள் தப்பியோட முயன்றனர், ஆகவே சுடப்பட்டனர் என்பது அதன் சாரம். அதே சனவரி 26 ஆம் நாள் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் குடியேற்ற நாடுகளின் அமைச்சர் ஆர்தர் கிரீச் ஜோன்சும் அவ்வாறே விடை அளித்தார். முன்னரே திட்டமிட்ட தப்பியோட்டம் அது என்றும், சுடாதிருந்தால் அவர்கள் தப்பியிருப்பர் என்றும் அவ்விடை கூறியது.

இவ்விரண்டு நாட்களுக்கும் இடையில், சனவரி 20 ஆம் நாள், அவசரகால விதிகளில் 27அ என்னும் புதிய விதி சேர்க்கப்பட்டது. பிடிபட்டவர் தப்பியோடுவதைத் தடுக்க உயிர்கொல்லும் ஆயுதத்தைப் பயன்படுத்தலாம் என்பது அதன் பொருள். அவ்விதி தோன்றுவதற்கு முன்னர் நடந்தனவற்றுக்கும் அது பொருந்தும் என வகுக்கப்பட்டது. முதலில் குண்டு; அதன்பின் சொல்; சொல்லின் பின்னே சட்டம். வழக்கமாகச் செல்ல வேண்டிய வரிசை முற்றும் தலைகீழாயிற்று.

"தப்பியோட முயன்றவர்கள் சுடப்பட்டனர்." இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இத்தொடரைக் கரும்பலகையில் எழுதிப் பார்க்க வேண்டும். எழுவாய் யார்? மாண்டவர்கள். 'முயன்றவர்கள்' என்னும் செய்வினை யாருடையது? மாண்டவர்களுடையது. சுட்டவன் எங்கே? 'சுடப்பட்டனர்' என்னும் செயப்பாட்டு வினைக்குள் அவன் மறைந்துவிட்டான். ஓடியது அவர்கள் செயல். சுட்டது எவர் செயலும் அன்று. கொலையின் பொறுப்பு முழுவதையும் கொல்லப்பட்டவர் தோளில் ஏற்றி வைக்க இந்த மூன்று சொற்களே போதுமானவை.

தொடர் சரியாக அமைந்தது, உண்மைதான் அமையவில்லை. ஆயுதமற்ற இருபதுக்கும் மேற்பட்டோர் பல திசையில் ஓடினால் ஒருவராவது தப்பியிருப்பார். சிலராவது காயத்தோடு கிடந்திருப்பர். பத்தாங் காலியிலோ தப்பி ஓடியவர் ஒருவரும் இல்லை. காயத்தோடு பிடிபட்டவரும் இல்லை. மாண்டவர் அனைவரும் மாண்டனர். பிழைத்தவர் ஒருவரும் மயங்கி விழுந்தமையால் பிழைத்தார். இந்த எளிய கணக்கை மாணவனும் போடுவான். ஆயினும் அரசின் ஏட்டில் அக்கணக்கு போடப்படவில்லை.

ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்தத் தொடர் அசையாமல் இருந்தது. அதை அசைத்தது வேறொரு நாட்டின் துயரம். வியட்நாமின் மை லாய் சிற்றூரில் 1968 மார்ச் 16 ஆம் நாள் அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான பொதுமக்களைக் கொன்ற செய்தி 1969 நவம்பரில் உலகுக்கு வெளிப்பட்டது. அவ்வேளையில் பிரித்தானிய அரசியல் தலைவர் ஜார்ஜ் பிரவுன், தம் நாட்டுப் படையினரிடத்தும் இத்தகைய குற்றங்கள் மறைந்திருக்கக்கூடும் என்ற கருத்துப்படப் பேசினார். அதைத் தொடர்ந்து 1970 பிப்ரவரி முதல் நாள் 'தி பீப்பிள்' என்னும் இலண்டன் இதழ், பத்தாங் காலிக்குச் சென்ற படைவீரர் சிலரின் உறுதிமொழி வாக்குமூலங்களை வெளியிட்டது. எவரும் தப்பியோடவில்லை, கட்டளையின்படியே கொல்லப்பட்டனர் என்பது அவர்கள் வாக்கு. குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களோ பழைய விளக்கத்தையே மீண்டும் கூறினர்.

தம்மைத் தாமே குற்றத்தில் பிணைத்துக்கொள்ளும் சொற்களை அவ்வீரர்கள் ஏன் கூறினர்? பொய் கூறியவர்க்கும் பொய் சுமையாகும் காலம் ஒன்று வரும். பழி சுமத்தியோர் அணியிலிருந்தே அப்பழியை மறுக்கும் குரல் எழுந்தது என்பதால், அவர்களையும் வரலாறு மறத்தலாகாது.

பாதுகாப்பு அமைச்சராக இருந்த டெனிஸ் ஹீலி அக்குற்றச்சாட்டை விசாரிக்க வழி செய்தார். ஸ்காட்லாந்து யார்டு காவல் துறை விசாரணையைத் தொடங்கியது. முன்னாள் வீரர்கள் சிலர் அங்கும் அதே உண்மையைக் கூறினர். காவலர்கள் மலேசியாவுக்கு வந்து மக்களிடம் கேட்க இருந்த வேளையில், 1970 சூன் திங்களில் பொதுத்தேர்தல் நடந்து ஆட்சி மாறிற்று. அத்திங்கள் முடிவதற்குள் விசாரணையும் நிறுத்தப்பட்டது. போதிய சான்று கிட்டும் வாய்ப்பில்லை என்று காரணம் சொல்லப்பட்டது. சான்று இருந்த இடத்துக்குச் செல்லும் முன்னரே, சான்று கிட்டாது என்று முடிவாயிற்று!

1992 இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் அந்நிகழ்ச்சியைப் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. 1993 இல் மலேசியக் காவல் துறை புலன்விசாரணை தொடங்கியது; 1997 இல் அதுவும் முடிவுக்கு வந்தது. 2008 இல் குடும்பத்தார் பிரித்தானிய அரசியாருக்கு மனு அளித்துப் பொது விசாரணை கோரினர். 2010 இல் அரசு மறுத்தது. அம்மறுப்பை எதிர்த்து இலண்டன் நீதிமன்றத்தை நாடினர். தந்தையை இழந்தபோது சிறுவராக இருந்தவர்கள் அப்போது முதுமையில் நின்றனர்.

2012 இல் உயர்நீதிமன்றமும், 2014 இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும், 2015 நவம்பர் 25 ஆம் நாள் பிரித்தானியாவின் உச்சநீதிமன்றமும் விசாரணைக்குக் கட்டளையிட இயலாது என்றே தீர்த்தன. உச்சநீதிமன்ற நீதிபதிகள் ஐவருள் நால்வர் அவ்வாறு முடிவு செய்தனர். ஆயினும் அத்தீர்ப்பின் உள்ளே வேறொன்று இருக்கிறது. கிடைத்துள்ள சான்றுகளின் பெரும்பகுதி, குற்றமற்ற மனிதர்கள் இரக்கமின்றிக் கொலை செய்யப்பட்டனர் என்பதையே காட்டுகிறது என நீதிபதி கெர் எழுதினார். அரசு முறையாக விசாரிக்கவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. மாறுபட்டு நின்ற நீதிபதி ஹேல் அம்மையார் இன்னும் ஒருபடி சென்றார். இத்துணைப் பெரிய நிகழ்ச்சியின் உண்மையை அறிவதிலும், மாண்டவர்களின் நற்பெயர் மீட்கப்படுவதைக் காண்பதிலும் உறவினர்க்கு இருக்கும் உரிமையான நாட்டத்தை அரசு உரிய அளவில் எண்ணிப் பார்க்கவில்லை என்பது அவர் கருத்து.

2018 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் வழக்கை ஏற்க மறுத்தது. பிரிட்டனுக்கு எதிராகத் தனிமனிதர் அந்நீதிமன்றத்தில் முறையிடும் உரிமை 1966 சனவரியில்தான் பிறந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முன்னர் நடந்த மரணம் தன் எல்லைக்குள் வாராது என்று அது கூறியது. மூன்று தலைமுறைக் காலம் விசாரணையைத் தள்ளி வைத்தவர் ஒரு சாரார். காலம் கடந்தது என்ற காரணத்தால் வழியற்று நின்றவர் மற்றொரு சாரார். காலத்தாழ்வின் பயன், தாழ்த்தியவரையே சென்று சேர்ந்தது.

பாண்டியன் அவையில், கேட்டவனும் தீர்த்தவனும் தவறு செய்தவனும் ஒருவனே. ஆகவே உண்மை தெரிந்த அக்கணமே அவன் தன்னைத் தண்டித்துக்கொண்டான். இலண்டன் அவைகளில் தவறு செய்தவர் வேறு. தீர்ப்புக் கூறுபவர் வேறு. நீதிபதிகள் சிலம்பை உடைத்துப் பார்த்தனர். உள்ளே மாணிக்கம் இருப்பதையும் கண்டனர். ஆயினும் அதைக் கண்டதாக அரசைக் கூறவைக்கும் ஆற்றல் சட்டத்துக்கு இல்லை என்றனர். பழி பாதி நீங்கியது. மீதிப் பாதி நீங்கவில்லை. கண்ணகி மதுரையை எரித்தாள் என்று காப்பியம் கூறும். இக்குடும்பத்தார் எதையும் எரிக்கவில்லை, மனுக்களையே எழுதினர். அப்பொறுமையும் ஒரு கற்பே ஆகும்.

மாண்டோரின் கல்லறைகள் உலு யாமில் இருக்கின்றன. பத்தாங் காலி வழியாக மலைமேல் குளிர் வாங்கச் செல்வோர் இன்று பல்லாயிரவர். வழியில் ஒரு தோட்டம் இருந்தது, அங்கே மனிதர்கள் மரம் சீவினார்கள், ஒரு டிசம்பர்க் காலையில் அவர்கள் திரும்பி வரவில்லை என்பதை அறிந்து கடப்போர் மிகச் சிலரே.

இக்கதை சீனர்க்கு உரியது, தமிழ் வகுப்பில் இதற்கு என்ன இடம் என்று ஒரு மாணவன் கேட்கலாம். தகுதியான கேள்வியே அது. விடையும் எளியது. சொல்லைக் கையாளக் கற்பிக்கும் இடம் மொழி வகுப்பு. கொள்ளைக்காரன், துரோகி, பயங்கரவாதி, தப்பியோடியவன் என்னும் சொற்கள் எம்மொழியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. அவற்றை ஒருவன்மீது சூட்டும்போது, சூட்டுபவர் யார், ஆராய்ந்து சூட்டினாரா, சூட்டப்பட்டவன் விடை கூற உயிரோடு இருக்கிறானா என்னும் மூன்று கேள்விகளை எழுப்பப் பழகிய மாணவன், கட்டுரையில் மட்டுமன்றி வாழ்க்கையிலும் பிழை செய்யான். அவன் எந்த இனத்தவனாயினும், நாளை அவன் கையில் துப்பாக்கி இருப்பினும் எழுதுகோல் இருப்பினும், அக்கேள்விகள் அவனைத் தடுத்து நிறுத்தும்.

மரம் சீவ எழுந்தவர்கள் அவர்கள். கொள்ளைக்கூட்டத்தார் அல்லர், தப்பியோடியவர்களும் அல்லர். தொழிலாளர்கள். இருபத்து நால்வர். அந்தச் சரியான சொல்லைச் சொல்லிக் கொடுப்பதற்கு எந்த நீதிமன்றத்தின் ஆணையும் ஆசிரியர்க்குத் தேவையில்லை.